பிரான்ஸ் கிரீம்

காரைக்காலில் பிரான்ஸ் என்ற சொல்லுக்கு இருக்கிற மரியாதை சாமிக்குக்கூடக் கிடையாது. வேண்டுதல் பலிக்காவிட்டால் சாமியையாவது நாலு வார்த்தை திட்டுவார்கள். பிரான்சிலிருந்து வந்த சோப்பு நுரைக்காவிட்டாலும், சாக்லேட் வேம்பாய்க் கசந்தாலும், “அங்கெல்லாம் அப்படித்தான்” என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவார்கள். தெருவுக்கு ஒரு குடும்பத்துக்கு அங்கே ஆள் இருக்கிறது. ஆள் இல்லாத குடும்பத்துக்கு, ஆள் இருக்கிற குடும்பத்தோடு சினேகமாவது இருக்கும்.

கோட்டுச்சேரி கடைத்தெருவில் பியூட்டி பார்லர் நடத்தும் சில்வியாவுக்குச் சினேகம் தேவைப்படவில்லை. கணவன் யேசுராஜின் அக்கா ஜெயமேரியே அங்கேதான் இருந்தாள். கோடை விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவள் பெட்டியில் பச்சை மூடி போட்ட கிரீம் டப்பாக்கள் வரும். முதலில் உறவுக்காரர்களுக்கு இனாமாக வந்தது, பிறகு பார்லர் அலமாரிக்கு வந்தது. டப்பாவைச் சுற்றிப் பிரெஞ்சு எழுத்து. ஒருவருக்கும் படிக்கத் தெரியாது. அதுதான் அதற்கு அழகே. ரோஜாவையும் பினாயிலையும் கலந்த மாதிரி ஒரு வாசனை. ‘பிரான்ஸ் கிரீம்’ என்றே அதற்குப் பெயர் விழுந்துவிட்டது.

வேலை செய்யாத கிரீம் என்றால் இந்தக் கதையே இல்லை. அது வேலை செய்தது. பூசிய ஒரு மாதத்தில் மாநிறம் வெளுத்தது. கறுப்பே அழகு, காந்தலே ருசி என்று நம் ஊரில் வாய் நிறையச் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் பெண் பார்க்கப் போகிற இடத்தில் ‘நல்ல செவப்பா?’ என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்த பெண்களெல்லாம் சில்வியாவிடம் வந்தார்கள். வந்தவர்களுக்கு அவள் விளக்கம் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் முகமே போதும். கல்யாணமாகி வந்தபோது மாநிறமாக இருந்தவள், இப்போது கழுத்துக்கு மேல் வேறு ஆளாக இருந்தாள். கடைக்குப் போர்டு தனியாக எதற்கு என்று யேசுராஜ் கேலி பேசுவான்.

ஒருநாள் மத்தியானம் பூவத்திலிருந்து ராஜம் வந்தாள். அவள் மகள் சிவப்ரியாவுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதற்காகத்தான் பெண் பிரான்ஸ் கிரீம் பூசிக்கொண்டிருந்தாள். கல்யாண மேக்கப் பற்றிப் பேச வந்திருக்கிறாள் என்று நினைத்து சில்வியா நாற்காலியை இழுத்துப் போட்டாள். ராஜம் உட்காரவில்லை.

“காலு ரெண்டும் வீங்கி, அழுத்துனா குழி விழுவுதும்மா. ஒண்ணுக்குப் போனா நொரை நொரையா போவுதுன்னு சொன்னா. தஞ்சாவூருக்கு அழைச்சிட்டுப் போனோம். கிட்னி கெட்டுப்போயி ஒடம்புல உள்ள சத்தெல்லாம் ஒண்ணுக்குலயே ஒழுவுதுங்கறாங்க.”

சில்வியா பதறிப்போய், “மாதாவே, அந்தப் புள்ளைக்கா?” என்றாள்.

“நாட்டு மருந்து சாப்புட்டாளா, பஸ்பம் சாப்புட்டாளா, கண்ட கிரீமும் பூசுனாளான்னு டாக்டரம்மா தோண்டித் தோண்டிக் கேட்டாங்க. இல்லவே இல்லைன்னு நான்தான் சொன்னேன். கண்ட கிரீம்னா பஸ் ஸ்டாண்டுல கூவி விக்கிறதுன்னு நெனச்சேன். பிரான்ஸ் சாமான அதுல சேப்பாங்களா? எனக்கு அந்த நெனப்பே வரல. அப்பறம் கட்டில்கிட்ட பையில இருந்த டப்பாவ அந்தம்மாவே பாத்துட்டு வாங்கி டெஸ்டுக்கு அனுப்புனாங்க. பாதரசமாம்மா. தர்மாமீட்டர்ல இருக்குமே, அதாம். அத அள்ளி அள்ளிப் பூசியிருக்கா எம்பொண்ணு.”

ராஜம் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று சில்வியா காத்திருந்தாள். ராஜம் அதையெல்லாம் செய்யவில்லை.

“ஒன்னைய ஏசுறதுக்கு வரல. ஏசுனா எம்பொண்ணு கிட்னி சரியாயிடுமா? வேற யாரு யாருக்குக் குடுத்த? பூசுறத நிறுத்துனா பாதிப் பேருக்குத் தானா சரியாயிடும்னு டாக்டரம்மா சொன்னாங்க. அவங்களுக்கெல்லாம் சொல்லு. நீ குடுத்ததுதான, நீயே போயி திரும்ப வாங்கு.”

அவள் போன பிறகு சில்வியா ஜெயமேரிக்கு வீடியோவில் கூப்பிட்டாள்.

“அண்ணி, அந்தக் கிரீம் எந்தக் கடையில வாங்குவீங்க?”

“ஸ்டேஷன் பக்கத்துல ஒரு கடை. ஏன், தீந்துபோச்சா? வெளியில அடுக்கியிருக்க மாட்டான். கேட்டா உள்ளேருந்து எடுத்துத் தருவான்.”

“வெளியில ஏன் வைக்கல?”

“இங்க அதுக்குத் தடைடி. வெளியில வச்சா வந்து அள்ளிட்டுப் போயிடுவாங்க.”

“தெரிஞ்சேவா அண்ணி வாங்கிட்டு வந்தீங்க?”

ஜெயமேரி, “நான் பூசிக்கலியே. நீங்கதான கேட்டீங்க” என்றாள்.

பிரான்சிலேயே விற்கக் கூடாத சாமானை ஊரெல்லாம் பிரான்ஸ் சாமான் என்று கொண்டாடியிருக்கிறோம் என்று நினைத்தபோது சில்வியாவுக்கு நெஞ்சு எரிந்தது. அண்ணி மேல் வந்த கோபத்தைவிடத் தன் மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கலாம்.

யேசுராஜ் மின்துறைக்காரன். எங்கே கை வைத்தால் ஷாக் அடிக்கும் என்று பார்த்துப் பார்த்து வாழ்பவன். “நாமளா தயாரிச்சோம்? பேசாம விக்கிறத நிறுத்திடு. நாலு மாசத்துல எல்லாரும் மறந்துடுவாங்க” என்றான்.

“அவங்க மறந்துடுவாங்க. கிட்னி மறக்குமா?” என்றாள் சில்வியா.

அலமாரியில் மீந்திருந்த டப்பாக்களைக் கொண்டுபோய் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கொடுத்தாள். வாங்கி சீல் வைத்தார்கள், அவளை நிறையக் கேள்வி கேட்டார்கள், எல்லாவற்றுக்கும் மறைக்காமல் பதில் சொன்னாள். அதெல்லாம் சரி, வீட்டுக்கு வீடு பீரோவுக்குள் போய்விட்ட டப்பாவுக்கு யார் சீல் வைப்பது? பூனைக்கு யார் மணி கட்டுவது என்று தேட வேண்டியதில்லை. பூனையை வளர்த்தவளே கட்ட வேண்டியதுதான்.

முதலில் வாட்ஸ்அப்பில் போட்டாள். ‘பிரான்ஸ் கிரீமில் பாதரசம் இருக்கிறது. கிட்னியைக் கெடுக்கும். யாரும் பூச வேண்டாம். டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.’ போட்டுவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதில்கள் வந்து குவிந்தன. ‘இனிமே வராதா அக்கா? எனக்கு ரெண்டு எடுத்து வைங்க.’ ‘கவர்மென்டு தடை பண்ணுதுன்னா நல்ல பவர்னு அர்த்தம்.’ இதுவரை கிரீம் பக்கமே வராத ஒருத்தி, அக்காளுக்கும் தங்கைக்கும் சேர்த்து வேண்டும் என்று கேட்டிருந்தாள். சில்வியாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஸ்கூட்டி சாவியை எடுத்தாள்.

மழை வெயில் பார்க்காமல் வீடு வீடாகப் போனாள். பயந்து உடனே கொடுத்தவர்கள் உண்டு. கதவைத் திறக்காதவர்கள் உண்டு. பஹீமா என்ற கல்லூரிப் பெண் டப்பாவைக் கொடுத்ததோடு நிற்காமல் தன் மாமி மகளிடமிருந்தும் பிடுங்கிக்கொண்டு வந்து தந்தாள். கோட்டுச்சேரிமேட்டில் ஒருத்தி, “வேற பார்லர்காரி விக்க ஆரம்பிச்சிட்டாளா, அதான் ஒனக்கு வயித்தெரிச்சலா?” என்று கேட்டுக் கதவை அறைந்து சாத்தினாள். சில்வியா மறுவாரமும் அந்தக் கதவைத் தட்டினாள். ஊர் வாயை உலைமூடியால் மூட முடியாது என்று அவளுக்குத் தெரியும். அதனால் மூடப் பார்க்கவில்லை. டப்பா வந்தால் போதும் என்று இருந்தாள்.

அவளுக்கு ராத்தூக்கத்தைக் கெடுத்தது மண்டபத்தூர் கீர்த்திகா. அவளுக்கு ஐந்தாம் மாதம். வயிற்றுப் பிள்ளைக்கும் பாதரசம் போகும், மூளையைத் தாக்கும் என்று, ராஜத்திடம் நம்பர் வாங்கிப் பேசியபோது தஞ்சாவூர் டாக்டரம்மா சொல்லியிருந்தாள். கீர்த்திகாவின் புருஷன் ஆதவனுக்குத் துபாயில் வேலை. கல்யாணம் ஆன கையோடு விமானம் ஏறியவன், ஒரே ஒரு லீவில் வந்துவிட்டுப் போயிருந்தான். மற்றபடி பெண்டாட்டியைப் போனில் பார்ப்பதுதான்.

கீர்த்திகா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, “அவுக தெனம் சாயங்காலம் வீடியோவுல வருவாக. ‘ஒன் கலருதான்டி எனக்கு உசுரு’ன்னு சொல்லுவாக. நிறுத்துனா கறுத்துடுவேன்ல?” என்றாள்.

“கறுத்தா என்ன கீர்த்திகா? வயித்துல உள்ளத நெனச்சுப் பாரு.”

“நீங்க நிறுத்திட்டீங்களாக்கா?”

“நான்தானே எல்லார்ட்டயும் போயி நிறுத்தச் சொல்லிக்கிட்டிருக்கேன்.”

கீர்த்திகா கையை நீட்டி சில்வியாவின் காதோரத்தைச் சுண்டுவிரலால் வழித்து, விரலைக் காட்டினாள். காலையில் அவசரமாகப் பூசியதில் சரியாகத் தேயாத கிரீம் வெள்ளையாக ஒட்டியிருந்தது. ரோஜாவும் பினாயிலும் மணத்தன.

“ஒங்களால முடியலல்ல? அப்பறம் எங்களச் சொல்ல வந்துட்டீங்க.”

சில்வியா எழுந்து வந்துவிட்டாள். நியாயம்தானே. தனக்கென்று ஒரு டப்பாவைக் குளியலறையில் வைத்திருந்தாள். கடை ஓட வேண்டாமா, முகம்தானே முதல், கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லியிருந்தாள். ஊருக்குத்தான் உபதேசம், தனக்கு இல்லை என்று சும்மாவா சொன்னார்கள். வீட்டுக்கு வந்ததும் அந்த டப்பாவையும் எடுத்து, வசூலித்த டப்பாக்களோடு மூடி போட்ட பிளாஸ்டிக் வாளியில் போட்டாள். போடும்போது அவமானத்தில் கண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டாள்.

கிரீம் தன் வேலையைக் காட்டியது. நிறுத்திய கொஞ்ச நாளிலேயே முகம் கறுக்கத் தொடங்கியது. பழைய மாநிறத்தோடு நின்றாலாவது பரவாயில்லை. கன்னத்திலும் நெற்றியிலும் திட்டுத் திட்டாக, அவள் பிறந்த நிறத்தையும் தாண்டிக் கறுத்தது. மாதா கோவிலில் பூசை முடிந்து வந்தால் நாலு பேர் நலம் விசாரித்தார்கள். விசாரிப்பில் பாதி சந்தோஷம் இருந்தது. இரண்டு கல்யாண மேக்கப் ஆர்டர்கள் கை நழுவின. “பவுடராவது போட்டுக்கயேன்” என்று யேசுராஜ் கெஞ்சினான். அவள் போடவில்லை. மூஞ்சியை மூடிக்கொண்டு போனால் எந்தக் கதவும் திறக்காது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், அதற்குப் பிறகுதான் டப்பாக்கள் வர ஆரம்பித்தன. பேசிப் பேசி வாங்க முடியாததை அந்த முகம் வாங்கிக் கொடுத்தது. கதவைத் திறந்தவர்கள் ஒரு நிமிடம் அவளைப் பார்ப்பார்கள். உள்ளே போய் டப்பாவோடு வருவார்கள். பூவத்துக்கும் போனாள். சிவப்ரியாவுக்கு வீக்கம் வடியத் தொடங்கியிருந்தது, கல்யாணத்தை ஆனிக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். ராஜம் சில்வியாவின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

கீர்த்திகா மட்டும் அசையவில்லை. சில்வியா வாரம் தவறாமல் மண்டபத்தூர் போனாள். வாசலிலேயே நின்று, “என் மூஞ்சியப் பாத்துக்க கீர்த்திகா. நான் நிறுத்திட்டேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்புவாள். அந்தப் பெண் பார்ப்பாள், டப்பாவைத் தர மாட்டாள்.

ஏழாம் மாதம் கீர்த்திகாவே போன் செய்தாள். “வெள்ளிக்கெழம வளையல் காப்புக்கா. மேக்கப்புக்கு வர்றீங்களா?”

“வர்றேன். டப்பாவ எடுத்து வையி.”

“மொதல்ல வாங்க” என்று போனை வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பந்தலில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். கடற்காற்றில் பந்தல் துணி படபடத்துக்கொண்டிருந்தது. சில்வியா உள்ளே நுழைந்தாள். “அந்தப் பார்லர்காரியா இது?” என்று யாரோ கேட்டது அவள் காதில் விழுந்தது. விழட்டும் என்று உள்ளே போய்க் கீர்த்திகாவுக்குத் தலை பின்னிப் பூ வைத்துவிட்டாள். முகத்துக்கு மை மட்டும் தீட்டினாள். கீர்த்திகா டப்பாவைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. ஆதவன் வீடியோவில் வரும் நேரம் ஆகிவிட்டது என்று போனைத் துடைத்துத் துடைத்து வைத்தாள்.

மனையில் உட்கார வைத்தார்கள். தட்டில் வளையல், பூ, குங்குமம், பெரிய கிண்ணத்தில் சந்தனம். வருகிற சுமங்கலிகள் ஒவ்வொருவராகக் கன்னத்திலும் கையிலும் சந்தனம் பூசி வளையல் போட வேண்டும். மாமியார் அஞ்சம்மாள்தான் முதலில் பூச வந்தாள். தலையில் மீன்கூடை சுமந்து தெருத் தெருவாக விற்று மகனைப் படிக்க வைத்தவள். கிண்ணத்தில் விரலை விட்டாள்.

சில்வியாவின் கண் கிண்ணத்தில் விழுந்தது. சந்தனம் வெளிறிப்போய் எண்ணெய் மினுக்கோடு இருந்தது. காற்று இந்தப் பக்கம் திரும்பியபோது மூக்கில் ஏறின ரோஜாவும் பினாயிலும்.

அவளுக்கு யோசிக்க நேரம் இல்லை. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய்க் கிண்ணத்தின் மேல் கையை வைத்து மூடினாள்.

பந்தலே அதிர்ந்துபோனது. நல்ல காரியத்தில் குறுக்கே கை வைத்தால் யார் பொறுப்பார்கள்? “என்னா காரியம் பண்ற?” “சர்ச்சுக்குப் போற வேதக்காரிக்கு இங்க என்னா வேலை?” என்று நாலாபுறமும் குரல்கள் எழுந்தன.

“அம்மா, இதுல என்ன கலந்தீங்க?” என்று சில்வியா அஞ்சம்மாளைக் கேட்டாள்.

அஞ்சம்மாள் அசரவில்லை. “மருமவ பூசுற கிரீமுதான். அவளுக்குக் கலரு குடுத்துச்சுல்ல? எல்லாரும் பூசி விட்டா வயித்துல உள்ள பேரப்புள்ளைக்கும் எறங்கும்ல. பிரான்ஸ் சாமானு, வீணாவா போவும்?”

“எறங்கும்மா. கலரு எறங்காது, பாதரசந்தான் எறங்கும்.” சில்வியா கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். “எல்லாரும் என் மூஞ்சிய நல்லாப் பாத்துக்குங்க. இந்தக் கிரீம வித்தவ நான்தான். பூசுனவளும் நான்தான். பூவத்துல ஒரு பொண்ணுக்கு இதால கிட்னி போச்சு, கல்யாணம் நின்னு கெடக்கு. இத இந்தப் புள்ளத்தாச்சி மேல பூச விடமாட்டேன். என்னைய வெளியில தள்ளுனா இந்தக் கிண்ணத்தோடதான் போவேன்.”

அஞ்சம்மாள் விரலில் ஒட்டியிருந்த சந்தனத்தைப் பார்த்தாள், பிறகு மருமகளைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்துக் கீர்த்திகாவின் மடியில் இருந்த போன் மணியடித்தது. ஆதவன்.

கீர்த்திகா போனை எடுக்கவில்லை. கையை ஊன்றி மனையிலிருந்து எழுந்தாள். எல்லாரும் பார்க்கக் குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டு முகத்தைக் கழுவினாள். உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. பச்சை மூடி டப்பாவைக் கொண்டுவந்து சில்வியாவின் கையில் வைத்தாள்.

“எட்டு வாரமா வந்து நின்னீங்க. ஒவ்வொரு வாரமும் கறுத்துக்கிட்டே வந்தீங்க. நானும் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்க்கா. பயமா இருந்துச்சு” என்றாள். போன் மறுபடி அடித்தது. “காத்திருக்கட்டும். வர்றப்ப எப்படியும் நேர்ல பாக்கத்தானே போறாக.”

அஞ்சம்மாளுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. யார் மேல் என்று அவளுக்கே தெரியவில்லை. “சனியன் புடிச்சது, கடல்ல கொண்டுபோயிக் கொட்டுறேன்” என்று கிண்ணத்தைத் தூக்கினாள்.

“கடல்ல போடாதீங்கம்மா. மீனு திங்கும். அந்த மீனத்தான் நாளைக்கு நீங்க கூடையில வச்சு விப்பீங்க.”

அஞ்சம்மாள் நின்றுவிட்டாள். தான் விற்கும் மீனைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்ல விட்டதில்லை அவள். கிண்ணத்தை அப்படியே கொண்டுவந்து சில்வியா நீட்டிய பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, பையின் வாயைத் தானே இறுக்கி முடிந்தாள். பிறகு கை கழுவிவிட்டு வந்து, சந்தனக் கட்டையைக் கல்லில் வைத்து உரைக்க உட்கார்ந்தாள். உரைத்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள். பேரப்பிள்ளைக்குத் தன் கையாலேயே என்ன செய்யப் பார்த்தோம் என்பது அவளுக்கு மெல்ல மெல்ல உறைத்துக்கொண்டிருந்தது.

புதுச் சந்தனம் வந்தது. முதலில் யார் பூசுவது என்று பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“சில்வியாக்கா பூசட்டும்” என்றாள் கீர்த்திகா.

“நானா? வேணாம்மா. நான்தானே ஒனக்கு...”

“நீங்கதான். குடுத்ததும் நீங்க, வாங்குனதும் நீங்க. மொத சந்தனமும் நீங்களே பூசுங்க.”

சில்வியா அஞ்சம்மாளைப் பார்த்தாள். அஞ்சம்மாள் தலையை ஆட்டினாள். விரல் நிறையச் சந்தனத்தை எடுத்துக் கீர்த்திகாவின் கன்னத்தில் இழுத்தாள். சோப்புப் போட்டுக் கழுவினாலும் வெளுப்பு ஒரு நாளில் போய்விடுமா? அந்த வெளுத்த கன்னத்தில் சந்தனம் எடுபடவே இல்லை. கீர்த்திகா அதே கிண்ணத்தில் தன் விரலை விட்டு, சில்வியாவின் கறுத்துத் திட்டாகிப்போன கன்னத்தில் ஒரு கீற்றுப் பூசினாள். அது பந்தலின் கடைசி வரிசை வரைக்கும் மஞ்சளாகப் பளிச்சென்று தெரிந்தது. யாரோ குலவை போட்டார்கள்.

சில்வியா அதைத் துடைக்கவில்லை. பையை ஸ்கூட்டியின் முன்னால் மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். கோட்டுச்சேரிமேட்டில் கதவை அறைந்து சாத்தியவளின் வீடு போகிற வழியில்தான் இருந்தது. சந்தனம் காய்வதற்குள் அந்தக் கதவை இன்னொரு தடவை தட்டிவிட வேண்டும் என்று வேகத்தைக் கூட்டினாள்.